ஃபிராக்கிங் தடைத் தீர்மானத்தில் கழிவையும் சேர்த்து எழுத வேண்டுமா? கிராம சபைக்கு முன் உதவி தேவை

புதுவயல் டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் புதுவயலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர், சாக்கோட்டை ஒன்றியம். முப்பத்தோரு வருஷம் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். வருகிற மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபையில் எங்கள் ஊராட்சியில் ஃபிராக்கிங் வேண்டாம் என்று தீர்மானம் போட நாங்கள் இருபது முப்பது பெண்கள் முடிவு செய்திருக்கிறோம். பூமிக்குள் கிலோமீட்டர் கணக்கில் துளை போட்டு, தண்ணீரும் மணலும் ரசாயனமும் கலந்து பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளந்து வாயு எடுக்கிறார்களே, அந்த முறைதான்.

எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் புதிதாக வராமல் தடுக்க 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தின் ஐந்து ஒன்றியங்கள் இருக்கின்றன. கண்டனூர் புதுவயல் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் சீக்கிரமே அறந்தாங்கி வந்துவிடும். அறந்தாங்கிக்குப் பாதுகாப்பு உண்டு, எங்களுக்கு இல்லை. சிவகங்கை மாவட்டம் அந்தப் பட்டியலிலேயே இல்லை. தெற்கே ராமநாதபுரத்தில் 20 ஆய்வுக் கிணறுகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்த செய்தி 2025-ல் வந்தபோது ஊரே பதறிப்போனது. அந்த அனுமதியைத் திரும்பப் பெறச் சொல்லி மாநில அரசு அறிவித்த பிறகுதான் மூச்சு வந்தது.

இப்போது என் கேள்வி. தீர்மானத்தில் துளையிடுவதோடு அதன் கழிவையும் சேர்த்துத் தடை செய்ய வேண்டும் என்பது என் கட்சி. "கிணறே இல்லாத ஊருக்குக் கழிவு எங்கிருந்து வரப்போகிறது? ஒரு வரி போதும்" என்கிறார்கள் ஊரில் சிலர். எனக்கு மனசு ஒப்பவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மாதம், விடிகாலை. ஊருணிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலில் ஒரு டேங்கர் லாரி பின்பக்கமாக நின்றது. கறுப்பாக, புளித்த கஞ்சி வாடையோடு தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஏதோ ஒரு அரிசி ஆலையின் கழிவு. அந்த ஆலை எங்கள் ஊரிலும் இல்லை, பக்கத்து ஊரிலும் இல்லை. "ஒண்ணும் பண்ணாதும்மா, நெல்லு ஊறவச்ச தண்ணிதான்" என்றார் டிரைவர். மூன்றாம் நாள் மழையில் அத்தனையும் ஊருணிக்குள் இறங்கிவிட்டது. படித்துறையில் கெண்டை மீன் வயிறு வெளுத்து ஒதுங்கிக் கிடந்தது. இறைத்துக் கொட்டி மறு மழைக்குக் காத்திருந்தோம். அந்த வருஷம் முழுக்கக் குடம் பத்து ரூபாய்க்குத் தண்ணீர் வாங்கினோம்.

நெல் ஊறிய தண்ணீரே அப்படி என்றால் இது என்ன ஆகும்? எங்கள் அப்பத்தா ஊருணித் தண்ணீரைப் பித்தளைக் குடத்தில் துணி கட்டி வடித்துக்கொண்டு வந்து, மண்பானையின் உட்புறம் தேத்தாங்கொட்டையை உரசி அதில் ஊற்றி வைப்பார்கள். செம்மண் கலங்கல் அடியில் போய் உட்கார்ந்து, ராத்திரிக்குள் தண்ணீர் பளிங்காகிவிடும். அந்தப் பானை இன்னும் என்னிடம் இருக்கிறது. ஃபிராக்கிங் கழிவுநீரைத் தெளிய வைக்க ஏதாவது வழி உண்டா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கூட்டத்தில் நான் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும்.

கோட்டையூரான் எழுதியது:

ஆச்சி, வணக்கம். நமக்குக் கோட்டையூர். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம் பிட்ஸ்பர்க்கில் தண்ணீர்ச் சோதனைக்கூடத்தில் பதினோரு வருஷமாக வேலை. நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி, கழிவைக் கட்டாயம் சேருங்கள்.

முதலில் அளவு. ஒரு கிணற்றைப் பிளக்கச் சுமார் 57 லட்சம் லிட்டரிலிருந்து 6 கோடி லிட்டர் வரை தண்ணீர் போகிறது. நம் ஊர் 12,000 லிட்டர் டேங்கரில் கணக்குப் போட்டால் குறைந்தது 475 லாரி, கூடினால் 5,000 லாரி. ரசாயனம் ஒரு சதவீதம் அளவுதான் என்பார்கள். ஒரு கோடி லிட்டரில் ஒரு சதவீதம் என்றால் ஒரு லட்சம் லிட்டர், ஆச்சி. அதைக் கூட்டத்தில் அப்படியே சொல்லுங்கள்.

உள்ளே போன தண்ணீரில் ஒரு பகுதி மேலே திரும்பி வரும். வாயு வரும் காலமெல்லாம் பாறைக்குள் கோடிக்கணக்கான வருஷமாகக் கிடந்த உப்புநீரும் கூடவே வந்துகொண்டிருக்கும். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. இங்கே வாயு எடுக்கும் மார்செல்லஸ் என்ற பாறை அடுக்கிலிருந்து வரும் தண்ணீரில் 200 கிராமைத் தாண்டுவது சாதாரணம். கூடவே பேரியம், புரோமைடு, கதிரியக்கமுள்ள ரேடியம் எல்லாம் வரும். ரேடியம் 226 பாதியாகக் குறைய 1,600 வருஷம் ஆகும்.

தேத்தாங்கொட்டை பற்றி எழுதியிருந்தீர்கள். எங்கள் ஆயா வீட்டிலும் அதே பழக்கம்தான். அது தண்ணீரில் மிதக்கும் மண்துகளைத் திரட்டி அடியில் உட்கார வைக்கும். தண்ணீரில் கரைந்துபோன உப்பை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. நகராட்சிச் சுத்திகரிப்பு நிலையமும் இந்த விஷயத்தில் அதே நிலைதான். இங்கே அதைச் செய்தே பார்த்தார்கள். கிணற்றுக் கழிவைச் சாதாரணச் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அனுப்பி ஆற்றில் விட்டார்கள். 2008-ல் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் பல ஊர்களுக்குக் குடிதண்ணீர் தரும் மொனொங்கஹேலா ஆற்றில் உப்பு வரம்பு மீறியது. புரோமைடு கலந்த ஆற்றுநீரில் குளோரின் போட்டால் புற்றுநோய் அபாயமுள்ள சேர்மங்கள் உண்டாகின்றன. 2011-ல்தான் அந்த நிலையங்களுக்கு அனுப்புவதை நிறுத்தச் சொன்னார்கள். கழிவைச் சுத்திகரிக்கவென்றே இருந்த ஒரு தனி நிலையத்துக்குக் கீழே ஓடையின் வண்டலை டியூக் பல்கலைக்கழகத்தார் எடுத்துச் சோதித்து 2013-ல் வெளியிட்டார்கள். மேற்பகுதி வண்டலைவிட ரேடியம் சுமார் 200 மடங்கு இருந்தது. நாம் ஊருணியில் வண்டல் அள்ளி வயலுக்குப் போடுகிறவர்கள் என்பதால் இது எனக்கு ரொம்ப உறுத்தியது.

"கிணறில்லாத ஊருக்குக் கழிவு எப்படி வரும்" என்பவர்களுக்கு நியூயார்க் மாநிலத்தின் கதையைச் சொல்லுங்கள். ஃபிராக்கிங்குக்கு அங்கே அனுமதியில்லை என்று 2014 டிசம்பரில் அறிவித்தார்கள். ஆனால் பக்கத்து பென்சில்வேனியாவின் துளைக்கழிவு நியூயார்க் குப்பைக் கிடங்குகளுக்கு வந்து இறங்கிக்கொண்டுதான் இருந்தது. எண்ணெய், எரிவாயுக் கழிவுக்கு அபாயக் கழிவு விதிகளிலிருந்து இருந்த விலக்கை 2020-ல்தான் அங்கே நீக்கினார்கள். டெலவேர் ஆற்றுப் படுகையிலும் 2021-ல் ஃபிராக்கிங்குக்குத் தடை, கழிவுநீரை விடுவதற்குத் தடை 2022 டிசம்பரில். வெர்மாண்ட் மாநிலம் மட்டும் விவரமாக நடந்துகொண்டது. அமெரிக்க மாநிலங்களிலேயே முதலாவதாக 2012-ல் தடை போட்டபோதே, அந்தக் கழிவுநீரை மாநிலத்துக்குள் சேகரிக்கவோ சுத்திகரிக்கவோ கூடாது என்று சேர்த்தே எழுதிவிட்டார்கள்.

உடம்பு விஷயம். கிணற்றிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் வாழ்ந்த சின்னப் பிள்ளைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வாய்ப்பு இரண்டிலிருந்து மூன்று மடங்கு வரை இருந்ததாக யேல் பல்கலைக்கழக ஆய்வு 2022-ல் சொன்னது. 2023-ல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வில் நிணநீர்ப் புற்றுநோயும் ஆஸ்துமாவும் வந்தன. கிணறுதான் காரணம் என்று இவை அடித்துச் சொல்லவில்லை, தொடர்பு இருப்பதைக் காட்டுகின்றன. கூட்டத்திலும் அந்த அளவோடு சொல்லுங்கள், யாரும் உங்களை மடக்க முடியாது. என் மகளுக்கு ஏழு வயசு. வீடு பார்க்கும்போது நான் முதலில் விரித்தது கிணறு வரைபடத்தைத்தான்.

தேவகோட்டைரஸ்தா எழுதியது:

டீச்சர், எதிர்த்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். நம் வீட்டு அடுப்பிலும் எரிவாயுதானே எரிகிறது. இங்கே படித்த பிள்ளைகள் வேலைக்குச் சிங்கப்பூர், திருப்பூர் என்று போகிறார்கள். நாலு பேருக்கு வேலை வந்தால் நல்லதில்லையா? அப்புறம், நம் பக்கம் பாறைப் பூமி ஆயிற்றே, இங்கே வாயு ஏது?

வடகாட்டு விவசாயி எழுதியது:

தேவகோட்டை அண்ணே, பாறைப் பூமி பிரான்மலைப் பக்கம். காரைக்குடியிலிருந்து கிழக்கே போகப் போக எல்லாம் படிவுப் பூமி, காவிரிப் படுகையின் தெற்குப் பகுதி. காரைக்குடிக்குக் குடிதண்ணீர் தரும் சம்பை ஊற்று கிடைத்ததே கீழே மணற்கல் இருப்பதால்தான். தண்ணீர் தேங்கும் பூமியைத்தான் அவர்களும் தேடி வருகிறார்கள்.

வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் பெரியப்பா நிலத்தில் ரொம்ப வருஷத்துக்கு முன்னால் சோதனைக் கிணறு போட்டார்கள். மண்ணெண்ணெய் எடுக்கப் போகிறோம், கொஞ்ச நாளைக்கு வாடகை தருகிறோம் என்று வாங்கினார்கள். நாலு பேருக்கு வாட்ச்மேன் வேலை, அதுவும் ஒன்பது மாசம். போகும்போது சிமெண்டுத் தளமும், எண்ணெய்ச் சேறு நிறைந்த ஒரு பள்ளமும் விட்டுப் போனார்கள். சுற்றி எங்கும் பலாவும் மல்லிகையும் கடலையும் விளைகிற செம்மண். அந்தப் பள்ளத்தைச் சுற்றி மட்டும் அறுகம்புல் கூட மஞ்சளாகத்தான் நிற்கும். வெயில் காலத்தில் தார் மாதிரி இளகும். ஒரு கன்றுக்குட்டி அதில் மாட்டிக்கொண்டு, கயிறு போட்டு இழுத்தோம். அது பிளக்கிற கிணறுகூட இல்லை, சும்மா சோதனைக் கிணறு.

2017 பிப்ரவரி 16-ல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் போராட்டம் தொடங்கியபோது எனக்குப் பத்தொன்பது வயசு. முதலில் 22 நாள், ஏப்ரலில் மறுபடி உட்கார்ந்தோம். அதற்கு முன்னால் மன்னார்குடி மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போன நம்மாழ்வார் ஐயா, 2013 டிசம்பர் 30-ல் பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில்தான் கண்மூடினார். அந்தத் தொடர்ச்சியில்தான் எங்கள் திருவரங்குளம் ஒன்றியம் இன்றைக்குச் சட்டத்துக்குள் இருக்கிறது. அதிலும் ஏற்கெனவே நடந்துவரும் பணிகளை அந்தச் சட்டம் தொடவில்லை.

டீச்சர், இரண்டு விஷயம். 2020 ஜனவரியில் மத்திய அரசு விதியைத் திருத்தியதிலிருந்து எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை. நாம் பேச நமக்கென்று இருக்கிற ஒரே மேடை கிராம சபை. தீர்மானத்தால் மட்டும் திட்டம் நின்றுவிடாது, ஆனால் நாளைக்குக் கோர்ட்டுக்குப் போனால் கையில் இருக்கிற காகிதம் அதுதான். இன்னொன்று, தீர்மான நோட்டில் முழுசாக எழுதி, சத்தமாக வாசித்த பிறகுதான் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வெறும் பக்கத்தில் ஒருத்தரும் போட வேண்டாம். அன்றைக்கே போட்டோ எடுத்து, நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் கலெக்டருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் டெலிவரிச் சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள்.

கோட்டையூரான் எழுதியது:

வடகாட்டுத் தம்பி சொன்னதோடு ஒன்று. 'கழிவுநீர்' என்று மட்டும் எழுதினால் போதாது, ஆச்சி. துளையிடும் சேறு, பாறைத் தூள், உப்புநீர், சுத்திகரித்த பிறகு மிஞ்சும் கசடு எல்லாவற்றையும் பேர் சொல்லி எழுதுங்கள். சாலையில் தூசி அடங்கத் தெளிப்பதையும் சேருங்கள். பென்சில்வேனியாவில் எண்ணெய், எரிவாயுக் கிணற்று உப்புநீரை மண் சாலைகளில் அப்படித்தான் தெளித்தார்கள். நம் செம்மண் சாலைக்கு 'இலவசமாகத் தண்ணீர் அடிக்கிறோம்' என்று ஒருத்தர் வந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

புதுவயல் டீச்சர் எழுதியது:

தம்பிகள் எல்லோருக்கும் நன்றி. தேவகோட்டைத் தம்பி, நீங்கள் கேட்டது நியாயம்தான். என் மகனும் திருப்பூரில்தான் இருக்கிறான், அவன் ஊரோடு இருந்தால் எனக்கும் சந்தோஷம். ஆனால் அவன் திரும்பி வரும்போது குடிக்க இந்த ஊருணி இருக்க வேண்டும். அடுப்புக்கு எரிவாயு வேண்டும்தான், அதற்கு விலையாகக் குடிக்கிற தண்ணீரைக் கேட்டால் நான் கொடுக்க மாட்டேன்.

நேற்று ராத்திரி உட்கார்ந்து எழுதியது இது, திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

"எங்கள் ஊராட்சி எல்லைக்குள் நிலத்தடிப் பாறையை நீர் அழுத்தத்தாலோ வேறு முறையாலோ பிளந்து எண்ணெய், எரிவாயு, மீத்தேன் எடுப்பதற்கும், அதற்கான ஆய்வுக் கிணறு அமைப்பதற்கும் இக்கிராம சபை ஒப்புதல் அளிக்கவில்லை. எங்கு தோண்டிய கிணறாயினும் அதிலிருந்து வரும் கழிவுநீர், உப்புநீர், துளையிடும் சேறு, பாறைத் தூள், கசடு ஆகியவற்றை இவ்வூராட்சி எல்லைக்குள் கொண்டுவரவோ, சேமிக்கவோ, சுத்திகரிக்கவோ, புதைக்கவோ, நிலத்துக்குள் செலுத்தவோ, சாலையில் தெளிக்கவோ, ஊருணி, கண்மாய், வரத்துக்கால்களில் விடவோ கூடாது. சிவகங்கை மாவட்டத்தைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் சேர்க்குமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறது."

இதை வாசிக்க நாலாம் வகுப்பில் என்னிடம் படித்த பெண்ணைக் கேட்டிருக்கிறேன். அவளுக்குக் குரல் நன்றாக எடுக்கும்.

வடகாட்டு விவசாயி எழுதியது:

டீச்சர், 'சேமிக்கவோ' என்பதற்கு முன்னால் 'தற்காலிகமாகக்கூட' என்று ஒரு சொல் போடுங்கள். பெரியப்பா நிலத்தில் பள்ளம் வெட்டும்போது அதைத்தான் சொன்னார்கள்.

புதுவயல் டீச்சர் எழுதியது:

சேர்த்துவிட்டேன் தம்பி.