மறு: 'டெஸ்க் ரிஜெக்ட்' – மேசையை விட்டுவிட்டுப் பரிசீலனைக்கு வருவோம்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

அரசறிவியல் ஆய்விதழ்களுக்குக் கட்டுரை அனுப்புவது பற்றிய நம் தமிழ்ச் சொற்பட்டியலில் 'டெஸ்க் ரிஜெக்ட்' மட்டும் இன்னும் இழுத்துக்கொண்டே போகிறது. வெளி அறிஞர்களின் மதிப்பாய்வுக்கு அனுப்பாமலே இதழின் ஆசிரியர் குழு கட்டுரையை மறுத்துவிடுவதற்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். வந்த மடல்களை எல்லாம் படித்தேன். பட்டியலில் இருக்கும் மற்றச் சொற்களைவிட இதற்குத்தான் மாணவர்களிடம் தேவை அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

> 'மேசை மறுப்பு' என்றே வைத்துவிடலாம் தம்பி. சுருக்கமாக இருக்கிறது. மூலச் சொல்லுக்கும் நெருக்கம்.

ஐயா, நெருக்கம்தான் சிக்கல். ஆங்கிலத்தில் பத்திரிகை அலுவலகத்தின் 'டெஸ்க்' என்றால் அங்கே உட்கார்ந்து முடிவெடுக்கும் ஆளும் அந்தச் சொல்லுக்குள் வந்துவிடுகிறார். தமிழில் மேசை என்றால் நான்கு கால் மரச்சாமான். 'உங்கள் கட்டுரை மேசை மறுப்பு ஆகிவிட்டது' என்று ஒரு மாணவியிடம் சொன்னால் அவளுக்கு எதுவும் புரியாது. விளக்கிச் சொன்ன பிறகுதான் புரியும் என்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டுப் போகலாம்.

சொல் எதைச் சொல்ல வேண்டும் என்று முதலில் பார்ப்போம். அமெரிக்கன் பொலிட்டிக்கல் சயன்ஸ் ரிவ்யூவை எடுத்துக்கொள்கிறேன். 1906 முதல் வரும் இதழ். அமெரிக்க அரசறிவியல் கழகத்துடையது. துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. கட்டுரையாளர் இணையவழியில் கட்டுரைப்படியை ஏற்றுகிறார். (கையெழுத்துப்படி, சுவடி இரண்டும் வேண்டாம் என்று போன மாதமே முடிவு செய்துவிட்டோம். சுவடி என்றால் ஓலை நினைவுதான் வருகிறது.) இதற்குப் பிறகு கட்டுரை மூன்று வாசல்களைக் கடக்க வேண்டும்.

முதலில் அலுவலகம் பார்க்கும். முழுக் கட்டுரை 12,000 சொல்லுக்குள், 'லெட்டர்' எனப்படும் குறுங்கட்டுரை 4,000 சொல்லுக்குள் இருக்கிறதா? பெயர் மறைக்கப்பட்டிருக்கிறதா? இந்த இதழில் இருபுறப் பெயர்மறைப்பு வழக்கம். எழுதியவர் யார் என்று மதிப்பாய்வாளருக்குத் தெரியக்கூடாது, மதிப்பாய்வாளர் யார் என்று எழுதியவருக்கும் தெரியக்கூடாது. அதனால் 'முந்தைய கட்டுரையில் நாங்கள் நிறுவியபடி' என்று எழுதக்கூடாது. தன் பழைய கட்டுரையையே வேறு யாரோ எழுதியதுபோல் படர்க்கையில் சுட்ட வேண்டும். நன்றியுரையை எடுத்துவிட வேண்டும். கோப்பின் பண்புகளுக்குள் ஒளிந்திருக்கும் பெயரைக்கூட அழிக்க வேண்டும். இதில் குறை இருந்தால் 'சரிசெய்து அனுப்புங்கள்' என்று திரும்ப வரும். இது முடிவு அல்ல. கட்டுரையின் தரம் பற்றி யாரும் இன்னும் வாய் திறக்கவில்லை.

அடுத்து ஆசிரியர் குழு படிக்கிறது. வெளி மதிப்பாய்வுக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று தீர்மானிப்பது அவர்கள்தான். வேண்டாம் என்றால் அங்கேயே முடிந்தது. இதைத்தான் நாம் பெயர் வைக்க முடியாமல் திணறுகிறோம்.

மூன்றாவது வெளி மதிப்பாய்வு. இரண்டு மூன்று பேர் படித்து அறிக்கை எழுதுவார்கள். அங்கே மறுத்தாலும் கையில் அறிக்கைகள் மிஞ்சும்; அவற்றை வைத்துக் கட்டுரையைத் திருத்தி வேறு இதழுக்கு அனுப்பலாம்.

இரண்டாவது வாசலில் நின்றுபோனவருக்கு அந்த அறிக்கைகள் இல்லை. மாதக் கணக்கில் காத்திருக்கத் தேவையும் இல்லை. சில நாளில், சில வாரத்தில் கடிதம் வந்துவிடும். அந்தக் கடிதம் கையில் கிடைத்தவர் கட்டுரையைத் தலைகீழாக மாற்ற வேண்டியதில்லை. இதழைத் தவறாகத் தேர்ந்தோமா என்று பார்க்க வேண்டும், முன்னுரை துறை முழுவதுக்கும் பேசுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆக நம் சொல்லில் இரண்டு செய்தி இருக்க வேண்டும்: மறுத்தது ஆசிரியர் தரப்பு, மறுத்தது மதிப்பாய்வுக்கு முன். மேசையில் இரண்டுமே இல்லை.

> 'முன்மறுப்பு' எப்படி?

காலம் சரியாக வருகிறது. ஆனால் நம் துறையில் மறுப்பு என்றால் ஒருவர் வாதத்துக்கு இன்னொருவர் எழுதும் எதிர்வாதம். மறுப்புரை, மறுப்புக் கட்டுரை என்று ஏற்கெனவே ஆண்டுகொண்டிருக்கிறோம். 'இக்கட்டுரைக்கு முன்மறுப்பு வந்தது' என்றால் யாரோ முந்திக்கொண்டு எதிர்வாதம் எழுதிவிட்டார் போல ஒலிக்கிறது.

> 'பொருந்தாமைத் திருப்பல்' என்பது மென்மையாக இருக்கும். எழுதியவர் மனம் புண்படாது.

மென்மை சரிதான் அம்மா. ஆனால் இந்தச் சொல்லோடுதான் எனக்கு உண்மையான சண்டை. 'உங்கள் கட்டுரை எங்கள் இதழுக்குப் பொருந்தாது' என்பது ஆசிரியர் சொல்லும் காரணம். அதை நடைமுறைக்கே பெயராக வைத்தால் அவர் தீர்ப்பை நாம் வழிமொழிந்ததாகிவிடும். எது பொருந்தும் என்பதே அரசறிவியலில் பெரிய தகராறாக இருந்திருக்கிறது. 2000 அக்டோபரில் 'மிஸ்டர் பெரஸ்த்ரோய்க்கா' என்ற புனைபெயரில் ஒரு மின்னஞ்சல் அமெரிக்க அரசறிவியலாளர்களிடையே சுற்றியது நினைவிருக்கும். புள்ளியியலும் கணித மாதிரிகளும் நிறைந்த கட்டுரைகளுக்கே ரிவ்யூவில் இடம், வரலாறும் களப்பணியும் தத்துவமும் செய்பவர்கள் ஒதுக்கப்படுகிறார்கள் என்பது அதன் முக்கியமான குறைகளில் ஒன்று. பலர் அதன் பின்னால் திரண்டார்கள். 2003-இல் கழகம் பெர்ஸ்பெக்டிவ்ஸ் ஆன் பாலிடிக்ஸ் என்ற இன்னோர் இதழைத் தொடங்கியதில் அந்தக் கிளர்ச்சிக்குப் பங்கு உண்டு. பொருந்தாது என்பது இயற்கை விதி இல்லை, ஒரு குழுவின் முடிவு என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? சொல் மனத்தைப் புண்படுத்தாமல் இருக்கட்டும். முடிவெடுத்தவரை மறைக்காமலும் இருக்கட்டும்.

'திருப்பல்' என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், வேறு இடத்தில் வைக்க. முதல் வாசலில் குறை சரிசெய்யத் திரும்ப வருகிறதே, அதற்கு 'குறைதீர்க்கத் திருப்பல்' கச்சிதமாகப் பொருந்துகிறது. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் சொல்லெண்ணிக்கை கூடியதற்காகத் திரும்பி வந்த கட்டுரையைப் பார்த்துவிட்டு, மறுத்துவிட்டார்கள் என்று நினைத்து மாணவர் சோர்ந்துபோவார்.

இனி என் முன்மொழிவு: பரிசீலனைத் தள்ளுபடி.

இது நான் செதுக்கிய சொல் இல்லை. தேர்தல் செய்தி படிக்கும் எல்லோருக்கும் தெரிந்தது. வேட்புமனுத் தாக்கல் முடிந்ததும் மறுநாள் பரிசீலனை. 'இத்தனை மனுக்கள் தள்ளுபடி' என்று நாளிதழில் வரும். மனு தள்ளுபடி ஆனவரைத் 'தேர்தலில் தோற்றார்' என்று யாரும் சொல்வதில்லை. அவர் வாக்குப்பதிவு வரை போகவே இல்லை. மதிப்பாய்வு வரை போகாத கட்டுரையும் அப்படித்தான். தேர்தலைப் பாடமாகப் படிக்கும் துறைக்குத் தேர்தலிலிருந்தே சொல் கிடைப்பது ஒரு வசதி.

ஒப்புமை எங்கே நிற்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது கேட்பீர்கள். தேர்தல் நடத்தும் அலுவலரின் கையைச் சட்டம் கட்டிப்போட்டிருக்கிறது. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 36-ஆவது பிரிவுப்படி முக்கியமல்லாத குறைக்காக மனுவைத் தள்ளக்கூடாது. தள்ளினால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். இதழாசிரியருக்கு அப்படிச் சட்டம் ஏதும் இல்லை. ஒரு பத்தியில் காரணம் எழுதி அனுப்பும் ஆசிரியரும் உண்டு, இரண்டு வரியில் முடிப்பவரும் உண்டு. இன்னொன்று: வேட்பாளர் இரண்டு தொகுதியில் நிற்கலாம், கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பக்கூடாது. அனுப்பி மாட்டிக்கொண்டால் இரண்டும் போகும், பெயரும் கெடும்.

> தள்ளுபடி என்றால் ஆடித் தள்ளுபடிதான் நினைவுக்கு வருகிறது!

இதை எதிர்பார்த்தேன். கடைக்கு ஒரு பொருள், கடனுக்கு ஒரு பொருள், மனுவுக்கு ஒரு பொருள் என்று இந்தச் சொல் நம் ஊரில் நெடுங்காலமாகப் பிழைத்துவருகிறது. 'மேல்முறையீடு தள்ளுபடி' என்ற தலைப்பைப் பார்த்து எவ்வளவு விழுக்காடு என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் 'ஆசிரியர் தள்ளுபடி' என்று ஒருவர் சொன்னதை மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். பள்ளி ஆசிரியர்கள் அடையாள அட்டையோடு வந்து நிற்பார்கள்.

> இலங்கையில் வேட்புமனு 'நிராகரிப்பு' என்றுதான் எழுதுகிறோம் அண்ணா. விலைக் குறைப்புக்கு எங்களுக்குக் 'கழிவு' இருப்பதால் தள்ளுபடியில் குழப்பம் இல்லை. ஆனாலும் நிராகரிப்பே பழக்கம்.

நல்ல குறிப்பு தங்கச்சி. 'பரிசீலனை நிராகரிப்பு' என்பதை இணைச்சொல்லாகப் போட்டுவிடலாம். 'அரசறிவியல்' என்ற துறைப்பெயரையே உங்கள் பக்கத்திலிருந்துதான் இந்தப் பட்டியலுக்கு எடுத்திருக்கிறோம். இங்கே பாடநூலில் 'அரசியல் அறிவியல்'. அந்தக் கடனை இப்படியாவது கழிக்கலாம்.

ஒரு நிபந்தனை இருக்கிறது. பரிசீலனை என்பதை இனி ஆசிரியர் குழு பார்ப்பதற்கு மட்டுமே ஆள வேண்டும். வெளியார் படிப்பது மதிப்பாய்வு. பட்டியலின் தொடக்கத்தில் இரண்டையும் மாற்றி மாற்றி ஆண்டிருக்கிறோம், அதைச் சரிசெய்ய வேண்டும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

'கட்டுரை பரிசீலனையிலேயே தள்ளுபடி ஆனது, மதிப்பாய்வுக்குப் போகவில்லை.'

'பரிசீலனைத் தள்ளுபடி ஆன கட்டுரையைச் சற்றே மாற்றி அதே இதழுக்கு மீண்டும் அனுப்புவதைப் பெரும்பாலான இதழ்கள் ஏற்பதில்லை.'

'இரு வாரத்தில் தள்ளுபடிக் கடிதம் வந்தது ஒருவிதத்தில் நல்லது. ஆறு மாதம் வீணாகவில்லை.'

மூன்றும் வாயில் தடுக்காமல் வருகின்றன. வினையாகவும் ஆளலாம், பெயராகவும் ஆளலாம்.

'கண்டிஷனல் அக்செப்டன்ஸ்' பற்றி ஒருவர் கேட்டிருந்தார். 'நிபந்தனை ஏற்பு' போதும். அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பொலிட்டிக்கல் சயன்ஸ் என்ற இன்னோர் இதழ், தான் ஏற்கவிருக்கும் அளவுசார் (எண்தரவை வைத்து எழுதும்) கட்டுரைகளின் தரவையும் கணினி நிரலையும் 2015 முதல் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் ஓடம் ஆய்வு நிறுவனத்திடம் கொடுத்து, அதே முடிவுகள் மறுபடி வருகின்றனவா என்று சரிபார்க்கச் செய்தது. சரியாக வந்த பிறகுதான் இறுதி ஏற்பு. அந்தச் சரிபார்ப்பு நடக்கும் நிலைக்கு நிபந்தனை ஏற்பு என்பது நேராகவே பொருந்துகிறது, விவாதம் தேவையில்லை.

ஞாயிறு இரவுக்குள் பலமான எதிர்ப்பு வராவிட்டால் பரிசீலனைத் தள்ளுபடி, இணைச்சொல் பரிசீலனை நிராகரிப்பு, குறைதீர்க்கத் திருப்பல் மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். அடுத்தது 'ரிவைஸ் அண்ட் ரீசப்மிட்'. ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை, திருத்திக் கொண்டுவா என்கிறார்கள். 'திருத்தழைப்பு' என்று ஒன்று தோன்றுகிறது, ஆனால் சந்தி சேர்ந்ததும் திருத்தமா அழைப்பா என்று கண் தடுமாறுகிறது. 'திருத்த அழைப்பு' என்று பிரித்தே எழுதலாமா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
பட்டியல் தொகுப்பாளர்