காமக்கிழவனா, முதுகாதலனா?

அனைவருக்கும் வணக்கம். 6ஆம் நூற்றாண்டு இலத்தீன் கவிஞர் மாக்சிமியானுஸின் எலெஜிகளில் (இரங்கல் தொனியுள்ள ஈரடிப் பாக்கள்) முதலாவதையும் ஐந்தாவதையும் வியாழக்கிழமை வகுப்புக்கு மொழிபெயர்த்துத் தரவேண்டும். ‘செனெக்ஸ் அமாத்தோர்’ என்பதில் மாட்டிக்கொண்டேன். ஆசை விடாத வயசாளி. ரோம நகைச்சுவை நாடகாசிரியர் புளௌட்டுஸிடம் இவர் கோமாளி. ‘கிழட்டுக் காதல் அசிங்கம்’ என்று ரோமக் கவிஞர் ஓவிட் அரையடியில் முடித்துவிட்டார். மாக்சிமியானுஸ் அந்தக் கிழவரையே பேசவிடுகிறார். ‘முதுகாமன்’ அல்லது ‘முதுகாதலன்’ சரிவருமா?

*

புதிதாக எதற்கு? தொல்காப்பியர் அகப்பொருளின் பெருந்திணையில் ‘இளமை தீர்திறம்’ (இளமை கடந்தவரின் காதல்) வைத்திருக்கிறார். ‘இளமைதீர் காதலன்’ எனலாம். ‘காமன்’ வடசொல் என்று யாராவது கிளம்புமுன் சொல்லிவிடுகிறேன்: ‘கமம் நிறைந்து இயலும்’ என்கிறது தொல்காப்பிய உரியியல்; கமம் என்றால் நிறைவு. அந்தக் கமம் நீண்டுதான் காமம் என்பாரும் உண்டு.

*

ஐயா, எங்கள் ஈழத்தில் கமம் என்றால் வயல். அதை உழுதுகொண்டிருந்தால் வியாழன் வந்துவிடும்.

பெருந்திணை என்றாலே ‘பொருந்தாக் காமம்’ என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது. ஐந்தாம் எலெஜியைப் பாருங்கள். இரண்டு அரசுகளுக்கும் உடன்பாடு பேசக் கிழக்கே தூது போனவர் ஒரு கிரேக்கப் பெண்ணிடம் மயங்குகிறார். உடன்பாடு பேச வந்தவருக்கு உடம்பு உடன்படவில்லை. அவள் அழுகிறாள். தனக்காகவா? ‘என் ஒருத்தி குறைக்காக அழவில்லை, எல்லாவற்றையும் சூழ்ந்த குழப்பத்துக்காக அழுகிறேன்’ என்கிறாள். இதில் தீர்ப்பு எங்கே?

அகப்பொருளில் கிழவன் என்றால் உரியவன், தலைவன். இன்றைக்கு வயசானவன். உரிமை போய் வயசு மட்டும் மிஞ்சிய ஆளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா? ‘காமக்கிழவன்’ என்று போடுங்கள்.

*

அகப்பொருளில் காமக்கிழத்தி (தலைவனின் காதற்பரத்தை) ஏற்கெனவே இருக்கிறாள் அம்மா. அவளுக்கு ஆண்பால் என்று நினைப்பார்கள்.

*

பிள்ளைகளிடம் ‘காமக்கிழவன்’ என்றால் வகுப்பு அன்றோடு முடிந்தது. தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் ‘முதுகாதலன்’ பக்கம்தான் கூட்டம். அதையே போடுகிறேன். கிழவன் அடிக்குறிப்புக்குப் போகட்டும்.

இன்னொன்று. முதல் அடியிலேயே முதுமையை ‘அயெமுலா’ என்று விளிக்கிறார்: போட்டிக்காரியே, என் முடிவை விரைவுபடுத்த ஏன் தயங்குகிறாய் என்று. இலத்தீனில் முதுமை பெண்பால். ‘சக்களத்தி’ எனலாமா?

*

சக்களத்திக்குச் சம்மதம். முதுகாதலனுக்கு இல்லை. இளமை தீர்ந்தது என்று சொல்லாமல் ‘முது’ என்றால் முதுகுன்றம், முதுமகன் போலப் பெருமையாகத் தொனிக்கும். என் மறுப்பையும் அடிக்குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.