ஒரே கச்சேரியை ஒரு மாதமாகக் கேட்டு வருகிறேன். நீங்கள் இப்போது எதைக் கேட்கிறீர்கள்?

கீழமாசி வீதிக் கணக்கர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கீழமாசி வீதியில் பலசரக்கு மொத்தக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். இரவு ஒன்பதரை மணிக்குக் கடை சாத்திய பிறகு சிம்மக்கல்லில் உள்ள வீட்டுக்கு நடந்தே போவது வழக்கம். அந்த நடையிலும், சாப்பிட்டுவிட்டு மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருக்கும் நேரத்திலும், ஒரு மாதமாகக் கர்நாடக இசைப் பாடகர் மதுரை மணி ஐயரின் ஒரே ஒரு கச்சேரியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நண்பர் ஒருவர், தம் தகப்பனார் பாதுகாத்து வைத்திருந்த ஒலிநாடாவிலிருந்து மாற்றித் தந்த பதிவு அது. தொடக்கத்தில் இரைச்சல் மிகுதி. முதலில் பாடும் வர்ணம் என்ற உருப்படியில் பாதி அந்த இரைச்சலிலேயே போய்விடுகிறது. அதன் பின்னர் குரல் தெளிந்து வருகிறது.

முறையாகச் சங்கீதம் படித்தவன் அல்லேன் நான். இருந்தாலும் மோகன ராகத்தில் ‘காபாலி’ கீர்த்தனைக்கு அவர் சொற்களை விட்டு ச, ரி, க என்று சுரம் பாடும் இடம் வந்ததும் கை தானாகத் தொடையில் தாளம் போடத் தொடங்கிவிடுகிறது. மோகனத்துக்கு ஐந்தே சுரங்கள்தாம். அந்த ஐந்தை வைத்துக்கொண்டு, அவசரம் எதுவும் இல்லாமல், ஒன்றிலிருந்து இன்னொன்று கிளைத்து வருவதைப் போலப் பாடிக்கொண்டே போகிறார். எந்த இடத்திலும் என் கை தடுமாறுவதில்லை. வேறு சில வித்துவான்களின் சுரங்களுக்குத் தாளம் போட்டுப் பார்த்தால் தாளத்தின் நாலாவது சுற்றுக்குள் (ஆவர்த்தனம்) தொலைந்துபோகிறேன். இவருடைய சுரங்களோ என் கையைப் பிடித்து அழைத்துப் போகின்றன. முதல் வாரத்தில் பாட்டு மட்டுமே காதில் விழுந்தது. இரண்டாம் வாரத்தில் வயலின்காரர் அவர் விட்ட இடத்தை எப்படி வாங்கிக்கொள்கிறார் என்பது கேட்டது. இப்போதுதான் மிருதங்கத்தின் இடந்தலை, அதாவது இடப்பக்க முகம், எங்கே ஒலிக்கிறது, எங்கே வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறது என்பது பிடிபட ஆரம்பித்திருக்கிறது.

1912-இல் நம் மதுரையில் பிறந்து, 1959-இல் மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது பெற்று, 1968-இல் மறைந்தவர் அவர். நான் பிறந்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. கச்சேரி முடிவில் மேற்கத்திய மெட்டில் அவர் பாடும் ‘இங்கிலீஷ் நோட்டு’ வந்ததும் கூட்டத்தில் எழும் மகிழ்ச்சி அந்தப் பழைய நாடாவிலும் அப்படியே பதிந்திருக்கிறது. அந்த இடத்தில் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாகிவிடுகிறேன்.

இரண்டு கேள்விகள் கேட்க விரும்புகிறேன். அவருடைய சுரங்கள் என்னைப் போன்றவனுக்கும் எட்டுவதற்குக் காரணம் என்ன? இந்த நாள்களில் நீங்கள் எதைக் கேட்டு வருகிறீர்கள்? பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், எந்த இடத்துக்காகத் திரும்பிப் போய்க் கேட்கிறீர்கள் என்பதையும் எழுதினால் நானும் அந்த இடத்தில் காது வைத்துப் பார்ப்பேன்.


ஆரப்பாளையத்து ஆசிரியர் எழுதியது:

உங்கள் முதல் கேள்விக்கு எனக்குத் தெரிந்த அளவில் விடை சொல்கிறேன். அவர் பாடும் முறைக்குச் சர்வலகு என்று பெயர். தாளத்தின் இயல்பான நடையை ஒட்டி, ‘தகதிமி தகதிமி’ என்ற ஓட்டத்திலேயே சுரங்களை விட்டுக்கொண்டு போவது அது. கணக்கு என்பது வேறு வகை. ஐந்து, ஏழு, ஒன்பது என்று எழுத்துகளைக் கூட்டியும் குறைத்தும் அடுக்கி, கோர்வையாகக் கட்டி, பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் சரியாக வந்து விழச் செய்வார்கள். கணக்கில் தாளம் கேட்பவருக்கு மறைந்திருக்கும். சர்வலகுவில் தாளம் வெளியே தெரிந்துகொண்டே இருக்கும். உங்கள் கை தடுமாறாததற்கு அதுவே காரணம். எளிதாகக் கேட்கிறது என்பதால் எளிதாகப் பாடிவிடலாம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. கணக்கில் கற்பனை வற்றினாலும் கணக்கு காப்பாற்றிவிடும். சர்வலகுவில் அடுத்து என்ன வரும் என்பதற்குப் பாடகரின் மனம் ஒன்றே கதி.

இனி என் விஷயம். நான் இப்போது கேட்பது மதுரை சோமுவை. ‘தெய்வம்’ என்ற 1972-ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் மருதமலைப் பாட்டைப் பாடியவர் என்றே பலர் அவரை அறிவார்கள். அந்தப் பாட்டு பெரிய பாட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் அவரை முழுமையாக அறிய வேண்டுமானால் கோயில் திருவிழாக் கச்சேரிகளின் பதிவுகளைக் கேட்க வேண்டும். இளம் வயதில் மேலூர்ப் பக்கம் ஒரு திருவிழாவில் அவர் பாடுவதை நேரில் கேட்டவன் நான். மேடையில் வயலின், மிருதங்கத்துடன் கடம், கஞ்சிரா, மோர்சிங் என்று பக்கவாத்தியங்கள் நிறைந்திருந்தன. எதிரே மணலில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் ராகத்தின் பெயர் தெரியாத, உழவு செய்யும் சம்சாரிகள். நள்ளிரவு கடந்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. என் பக்கத்தில் இருந்த பெரியவர், துண்டை மடியில் போட்டுக்கொண்டு, பாட்டு முடியும்வரை கண்ணைத் திறக்காமலே இருந்தார்.

இந்த வாரம் நான் திரும்பத் திரும்பப் போய்ச் சேரும் இடம், நீலமணி ராகத்தில் அவர் பாடிய ‘என்ன கவி பாடினாலும்’. முருகனிடம் ஒருவன் மனம் விட்டு முறையிடும் பாட்டு அது. ஒரே அடியை அவர் நாலைந்து விதமாகச் சொல்லுவார்: ஒருமுறை கெஞ்சுவார், ஒருமுறை கோபித்துக்கொள்வார், ஒருமுறை குரலைத் தாழ்த்திக்கொண்டு தனக்குத்தானே பேசுவதைப் போலச் சொல்லுவார். சிட்டூர் சுப்பிரமணிய பிள்ளையிடம் முறையாகக் கற்ற பாட்டு அவருடையது. அந்த முறையின் மேல் இந்த உருக்கத்தை அவர் ஏற்றி வைத்தார். சுத்தமான சங்கீதம் என்பது உணர்ச்சியை அடக்கி வாசிப்பது என்று கருதுவோர் உண்டு. அவர்களுடன் எனக்கு உடன்பாடு இல்லை.


சோழவந்தான் கொடிக்கால் எழுதியது:

ஐயா இருவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் வெற்றிலைக் கொடிக்கால் உண்டு. விடிவதற்கு முன்னரே கிள்ளி வந்த வெற்றிலையைத் தரம் பிரித்து அடுக்க உட்கார்ந்துவிடுவோம். கை வேலையாக இருக்கும், காது சும்மா இருக்கும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு நான் வைப்பது தருமபுரம் சுவாமிநாதன் அவர்களின் தேவாரப் பதிவுகள். பல ஆண்டுகளாகக் கேட்கிறேன் என்றாலும், இந்த மாதம் மனம் ஒரே பதிகத்தில் நின்றுவிட்டது. சம்பந்தர் பாடிய ‘வாழ்க அந்தணர்’ என்ற திருப்பாசுரம் அது.

எங்களுக்கு அது ஊர்க்கதை. மதுரையில் சம்பந்தருக்கும் சமணருக்கும் நடந்த, ஆற்றில் ஏடு இட்டுப் பார்க்கும் புனல் வாதத்தில் வைகையில் இட்ட ஏடு, வெள்ளத்தை எதிர்த்துச் சென்று கரையேறிய இடம் எங்கள் பக்கத்து ஊரான திருவேடகம். ஏட்டில் எழுதி இட்ட பாட்டு இதுதான். இதன் முதல் பாட்டில் ‘வேந்தனும் ஓங்குக’ என்று வரும் இடத்தில்தான் பாண்டியனுடைய கூன் நிமிர்ந்தது என்பார்கள். ஓதுவார் ஐயா அந்தச் சொல்லை அவசரப்படாமல், முழு மூச்சும் கொடுத்து, நீட்டி வைத்துவிட்டு நகர்வார். அந்த இடம் வரும்போது நானும் அடுக்குவதை ஒரு நொடி நிறுத்திவிடுகிறேன்.

என் மகள் பசுமலையில் உள்ள அரசு இசைக் கல்லூரியில் படிக்கிறாள். இந்தப் பதிகத்தின் பண், அதாவது பழந்தமிழ் ராகம், கௌசிகம் என்றும், இன்றைய வழக்கில் அதைப் பைரவி ராகத்தில் பாடுகிறார்கள் என்றும் அவள்தான் சொன்னாள். பைரவியில் மேலே ஏறும்போது ஒரு தைவதமும் (‘த’ என்ற சுரம்) கீழே இறங்கும்போது வேறொரு தைவதமும் வருமாம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாடிக் காட்டியதும், இத்தனை ஆண்டுகள் பெயர் தெரியாமலே அனுபவித்துவந்த ஒரு சிறு வேறுபாடு எனக்குத் துலக்கமாகத் தெரிந்தது. தாய்க்கு மகள் பாடம் சொன்ன அந்தக் காலை வேளையை எண்ணினால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

கணக்கர் ஐயாவிடம் ஒன்று சொல்ல வேண்டும். தேவாரத்தைக் கேட்கும்போது தாளத்தைத் தேட வேண்டாம். சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள், பண் தானே பின்னால் வரும்.


உசிலம்பட்டி இரயில் பயணி எழுதியது:

நான் வயதில் இளையவன். நாள்தோறும் போடி இரயிலில் மதுரைக்கு வேலைக்கு வந்து போகிறேன். பன்னைப்புரத்து இளையராஜாவைக் கேட்காமல் இந்தப் பக்கத்தில் எவரும் வளர முடியாது. ஆனால் இப்போது நான் கேட்பது அவருடைய திரைப்பாடல்களை அல்ல, 1986-இல் வெளிவந்த ‘ஹவ் டு நேம் இட்’ என்ற தொகுப்பை. தியாகராஜருக்கும் மேற்கத்தியச் செவ்வியல் இசை மேதை பாக்குக்கும் காணிக்கையாக அவர் படைத்தது. முதன்மை வயலினை வி.எஸ். நரசிம்மன் வாசித்திருக்கிறார்.

அதில் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்ற ஒன்று இருக்கிறது. தனி வயலினுக்கென்று பாக் எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டா என்ற இசைத் தொடரின் தொடக்கப் பகுதி அதில் ஓடிக்கொண்டிருக்க, அதைச் சுற்றி மற்ற வயலின்களை இளையராஜா தம் வழியில் நடத்திப் போகிறார். என் பழைய இயர்போனில் இடப்பக்கம் வேலை செய்யாது. வெகு நாள்கள் பாதிப் பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. போன வாரம் அக்காவின் இயர்போனை வாங்கிவந்து கேட்டபோது, அதுவரை ஒருவர் பேசிக்கொண்டிருந்த இடத்தில் இருவர் உரையாடுவது கேட்டது. இறங்க வேண்டிய உசிலம்பட்டியைக் கவனிக்காமல் ஆண்டிபட்டிவரை போய்விட்டேன்.


வடக்கு மாசி வீதி எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். நாகசுரத்தை ஒருவரும் குறிப்பிடாததால் எழுத வேண்டியதாயிற்று. நான் கேட்டு வருவது மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு. 1968-இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் சிவாஜி கணேசனும் ஏ.வி.எம். ராஜனும் திரையில் நாகசுரம் பிடிக்க, ஒலியாக வந்தது இவர்கள் வாசித்ததுதான். அந்தப் படத்தில் வரும் ஆபேரி ராக ‘நகுமோமு’ கீர்த்தனையைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். இரண்டு நாகசுரங்களும் ஒன்றாகக் கலந்து ஒலிக்கும் இடம் எது, ஒன்று பிரிந்து மேலே போக மற்றது தாங்கி நிற்கும் இடம் எது என்று பிரித்துக் கேட்பதையே ஒரு பயிற்சியாக வைத்திருக்கிறேன்.

என்றாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாகசுரம் திறந்த வெளிக்கென்று பிறந்த வாத்தியம். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் அதைக் கேட்டுவிட்டு, காதைக் குத்துகிறது என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். குற்றம் வாத்தியத்தின் மேல் இல்லை. கல்யாண மண்டபத்தில் ஒலிவாங்கியை நாகசுரத்தின் வாய்க்கு நேராக வைத்து உச்சத்தில் முழங்க விடுவதும் இதே கெடுதலைத்தான் செய்கிறது. அதைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை; நாகசுரத்தின் அடியில் விரிந்திருக்கும் அணசிலிருந்து வெளிப்படும் ஒலி காற்றில் கொஞ்ச தூரம் பயணம் செய்து, சுவரிலும் கோபுரத்திலும் பட்டு, மெருகேறி வர வேண்டும். முப்பது நாற்பது அடி தள்ளி நின்று கேட்டால்தான் அதன் இனிமை முழுமையாகத் தெரியும்.

சித்திரைத் திருவிழாவில் மீனாட்சியும் சுந்தரேசரும் மாசி வீதிகளில் உலா வரும்போது எங்கள் வீட்டு வாசலைக் கடந்துதான் போவார்கள். சுவாமி புறப்பாட்டுக்குக் கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி வாசிப்பது மரபு. மல்லாரிக்குச் சாகித்தியம், அதாவது பாடல் வரிகள், கிடையாது. நடைதான் அதற்கு உயிர். ஒருமுறை ஊர்வலம் எங்கள் தெருவில் சற்று நின்றபோது, வாசித்துக்கொண்டிருந்தவரை மிக அருகில் பார்த்தேன். வாத்தியத்தில் கயிற்றில் கோத்துத் தொங்கும் சீவாளிகளில், அதாவது ஊதுவதற்கு வாயில் வைக்கும் துண்டுகளில், ஒன்றை எடுத்து வாயில் வைத்து நனைத்தார், ஊதிப் பார்த்தார், மனத்துக்குப் பிடிக்கவில்லை போலும், கழற்றிவிட்டு மற்றொன்றைச் செருகினார். அத்தனை கூச்சலுக்கும் நடுவில், நெற்றி வியர்வையைக்கூடத் துடைக்காமல், ஒரு சீவாளிக்காக அவ்வளவு பொறுமை காட்டினார். அதன் பிறகு அவர் எடுத்த முதல் சுரத்துக்குத் தவில்காரர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நான் மறக்கவில்லை.


கீழமாசி வீதிக் கணக்கர் எழுதியது:

கேட்டதற்கு மேலாகவே எல்லோரும் கொடுத்திருக்கிறீர்கள். நேற்று இரவு ‘வாழ்க அந்தணர்’ கேட்டேன். சோழவந்தான் அம்மா சொன்னபடி தாளம் போடாமல் கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன். பாதியில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ‘ஓங்குக’ என்ற சொல் வரும் இடத்தை மூன்று முறை திருப்பி வைத்தேன். பைரவியின் இரண்டு தைவதங்கள் எனக்கு இன்னும் பிரிந்து கேட்கவில்லை. தங்கள் மகள் பாடிக் காட்டிய அந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் பதிவு செய்து இங்கே இட முடியுமானால் எனக்கு மட்டுமன்றிப் பலருக்கும் உதவும்.

தம்பி சொன்னதைப் படித்ததும் என் இயர்போனைச் சோதித்துப் பார்த்தேன். நல்ல வேளையாக இரண்டு பக்கமும் சரியாக இருக்கின்றன. நாகசுரத்தைப் பற்றி எழுதிய நண்பருக்கு: வரும் சித்திரையில் கடைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வடக்கு மாசி வீதிக்கு வருகிறேன். மேளத்துக்கு அருகில் முண்டியடிக்காமல், நீங்கள் சொன்ன நாற்பதடி தொலைவில் எந்த வாசலில் நின்றால் நன்றாகக் கேட்கும் என்று அப்போது சொல்லுங்கள்.

ஆசிரியர் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். சர்வலகுவைப் பற்றித் தாங்கள் சொன்ன பிறகு அதே மோகன சுரங்களைக் கேட்டபோது, ‘தகதிமி’ அடியில் ஓடிக்கொண்டிருப்பது தெளிவாகத் தெரிந்தது. சோமுவின் நீலமணிக்குப் பல பதிவுகள் கிடைக்கின்றன, நீளமும் வேறுபடுகிறது. தாங்கள் கேட்பது ராக ஆலாபனையோடு தொடங்கும் பதிவா, நேராகப் பாட்டில் தொடங்குவதா? அடுத்த மாதம் முழுவதும் அதைத்தான் கேட்பதாக இருக்கிறேன்.