முன்பின் தெரியாதவரிடம் ரெஃபரல் கேட்கலாமா?

பெருங்குடி பேச்சிலர்:
சொந்த ஊர் திருவண்ணாமலை பக்கம். பெருங்குடியில் ஒரு சின்ன நிறுவனத்தில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன், வேறு இடம் தேடுகிறேன். என் கல்லூரியிலிருந்து பெரிய கம்பெனிக்குப் போன சீனியர்கள் அதிகம் இல்லை. ரூம்மேட் லிங்க்ட்இனில் கண்ணில் படுகிறவர்களுக்கெல்லாம் 'ரெஃபர் பண்ணுங்க சார்' (அதாவது, உங்கள் கம்பெனியில் என் பெயரைச் சிபாரிசு செய்யுங்கள்) என்று ஒரே வரியை அனுப்பிக்கொண்டிருக்கிறான். போன மாதம் தரமணியில் நடந்த ஒரு மீட்டப்புக்கு, அதாவது எங்கள் துறைக்காரர்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்கு, என்னையும் கூட்டிப்போனான். பேச்சு முடிந்ததும் பேசியவரைச் சுற்றி ஒரே கூட்டம். எல்லார் கையிலும் லிங்க்ட்இனில் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் க்யூஆர் கோடு. மனுஷனைச் சமோசா சாப்பிடக்கூட விடவில்லை. எனக்கு அங்கே போய் நிற்கக் கூச்சமாக இருந்தது. தெரியாதவரிடம் இப்படிக் கேட்பது சரிதானா? சரி என்றால் எப்படிக் கேட்பது?

ஈக்காட்டுத்தாங்கல் லேத்:
கூச்சம் வந்தது நல்லதுதான் தம்பி. பந்தியில் இடம் பிடிக்க முண்டுவதுபோல இருக்கிறது நீ சொல்வது. நான் பட்டறை வைத்திருப்பவன். பார்ட் சொன்ன தேதிக்கு, சொன்ன அளவில் போய்ச் சேர்ந்தால் அடுத்த ஆர்டர் தானாக வரும். அளவில் விடக்கூடிய வித்தியாசத்தை, டாலரன்ஸை, தாண்டினால் எந்த நட்பும் காப்பாற்றாது, தரம் பார்க்கும் க்யூசி திருப்பி அனுப்பிவிடும். நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில் மெஷின் டூல் கண்காட்சி நடக்கும்போது பார்க்கிறேனே, விசிட்டிங் கார்டைக் கட்டாக எடுத்துவருகிறவன் மெஷின் பக்கமே திரும்புவதில்லை. முதலில் தொழிலைக் கற்றுக்கொள். ஆள் பிடிக்கிற வேலையெல்லாம் அப்புறம்.

ஓஎம்ஆர் கலா:
லேத் சார், அடுத்த ஆர்டர் தானாக வரும், சரி. முதல் ஆர்டர் எப்படி வந்தது? யாரோ ஒரு பர்ச்சேஸ்காரரிடம் யாரோ உங்கள் பெயரைச் சொல்லித்தானே?

நான் சோழிங்கநல்லூரில் ஆள் எடுக்கும் குழுவில் இருக்கிறேன். ஒரு இடத்துக்கு வரும் விண்ணப்பங்களில் பாதியைக்கூட ஒழுங்காகப் படிக்க முடிவதில்லை. ரெஃபரலில் வந்ததை முதலில் திறப்போம். அதனால் வேலை கிடைத்துவிடாது. ஒரு மனிதர் படிப்பார், அவ்வளவுதான். சீனியர் இல்லாத பையனுக்கு அந்த 'அவ்வளவுதான்' பெரிய விஷயம்.

இன்னொன்று. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி பார்க்கும் ஆள் மூலம் வேலை பெற்றவர்கள் ஆறில் ஒரு பங்குதான். மற்றவர்களுக்குக் கைகொடுத்தது எப்போதாவது பார்க்கிற, பழைய ஆபீஸில் பார்த்த ஆட்கள். காரணம் எளிது. நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்த காலியிடம் உனக்கும் தெரிந்திருக்கும். தூரத்து ஆளுக்குத்தான் உனக்குத் தெரியாத சேதி தெரியும்.

ஆனால் ரூம்மேட் செய்வதை நான் ஆதரிக்கவில்லை. ரெஃபர் செய்கிறவர் தன் பெயரைப் பணயம் வைக்கிறார். வந்தவர் சொதப்பினால் மேனேஜர் 'நீங்கள்தானே அனுப்பினீர்கள்' என்பார். முகம் தெரியாத ஒருவரிடம் முதல் வரியிலேயே அதைக் கேட்பது அநியாயம்.

தரமணித் தவளை:
கலா மேடம், அந்தக் கட்டுரைக்காக அவர் விசாரித்தது யாரை? பாஸ்டன் நகரத்துப் புறநகர் ஒன்றில் இருந்த ஆண்களை. அதுவும் மேனேஜர், இன்ஜினியர் மாதிரி ஆட்களை. பெண்கள் கிடையாது, கூலித் தொழிலாளி கிடையாது. அதைச் சென்னைக்கு அப்படியே கொண்டுவர முடியுமா?

இங்கே 'தெரிந்தவர்' எப்படி உருவாகிறார் என்று பாருங்கள். அப்பாவின் நண்பர், சித்தப்பாவின் பேட்ச்மேட், ஒரே ஊர், சொல்லாமல் விட்டாலும் ஒரே சாதி. 'தம்பிக்கு எந்த ஊர்? ஊரில் எந்தத் தெரு?' என்ற கேள்வி எதற்கென்று எல்லாருக்கும் தெரியும். ரெஃபரல் முறை அந்த வளையத்தை அப்படியே ஆபீஸுக்குள் கொண்டுபோகிறது. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வை லட்சக்கணக்கானவர்கள் ஏன் எழுதுகிறார்கள்? அதில் நேர்முகத் தேர்வே கிடையாது. யாரைத் தெரியும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். நாகரிகமாகக் கேட்பது எப்படி என்று வகுப்பெடுப்பதைவிட, கேட்கத் தேவையில்லாமல் ஆள் எடுப்பது எப்படி என்று உங்கள் குழு யோசிக்கலாம்.

ஓஎம்ஆர் கலா:
யோசிக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தம்பி அடுத்த மாத வாடகையை வைத்துக்கொண்டு யோசிக்கிறார்.

புதிய ஆய்வும் இருக்கிறது. 2022இல் சயன்ஸ் இதழில் வந்தது. லிங்க்ட்இனில் 'இவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்' என்று காட்டும் பட்டியலை ஆளுக்கு ஆள் மாற்றி, சுமார் 2 கோடிப் பேரிடம் 5 ஆண்டுகள் பார்த்தார்கள். ரொம்ப நெருங்கியவரும் இல்லை, அறவே தெரியாதவரும் இல்லை, நடுவில் இருக்கிற ஆட்கள்தான் வேலை மாற அதிகம் உதவினார்கள். உங்கள் வளையத்துக்குள் இருப்பவர்கள் இல்லை, கவனியுங்கள்.

தரமணித் தவளை:
அந்த 2 கோடிப் பேரிடமும் தனித்தனியாகக் கேட்டு ஒப்புதல் வாங்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கரிசனமான நெட்வொர்க்கிங்குக்கு நல்ல சான்று!

நந்தனம் நித்யா:
ஆண்கள் மூன்று பேரும் (கலா, உங்களைச் சொல்லவில்லை) ஒரு விஷயத்தைத் தொடவே இல்லை. எனக்கு வரும் 'உங்கள் அனுபவத்திலிருந்து கற்றுக்கொள்ள விரும்புகிறேன்' மெசேஜ்களில் கணிசமானவை இரண்டாவது பதிலிலேயே 'காபிக்கு வரலாமா', 'வாட்ஸ்அப் நம்பர் கிடைக்குமா' என்று திரும்பிவிடும். அதனால் நிஜமாகவே கேள்வி இருக்கிறவருக்கும் பதில் போடாமல் விடுகிறேன். நஷ்டம் அவருக்குத்தான்.

கேள்வி இருந்தால் எழுத்தில் கேளுங்கள். நேரில் வரச் சொல்லாதீர்கள். என் நம்பரை யாரிடமாவது வாங்கி ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிடாதீர்கள். அதைவிடக் கொடுமை, இருவரை அறிமுகம் செய்கிறேன் என்று கேட்காமலே குரூப்பில் கோத்துவிடுவது. எனக்கு இது நடந்தது. மறுக்கவும் முடியாது, எதிரே பொது நண்பர் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கேட்டுவிட்டு, இரண்டு பேரும் சரி என்ற பிறகு சேர்த்துவிட்டால் என்ன குறைந்துபோகும்?

உதவி வாங்கியவர்கள் அப்புறம் வாயே திறப்பதில்லை. இன்டர்வியூ என்ன ஆயிற்று, வேலை கிடைத்ததா, ஒரு வரி போட்டால் போதும். கிடைக்கவில்லை என்றாலும் போடலாம். அடுத்த முறை அதே ஆள் கேட்டால் நான் யோசிக்காமல் செய்வேன்.

ஈக்காட்டுத்தாங்கல் லேத்:
நித்யா அம்மா சொன்னதில் எனக்குச் சண்டையே இல்லை. கலா மேடம் கேட்டதற்கு வருகிறேன். முதல் ஆர்டர் என் பழைய முதலாளி கொடுத்தது. அவரிடம் வேலை பார்த்துக் காட்டினேன், கொடுத்தார்.

2015 டிசம்பரில் அடையாற்றுத் தண்ணீர் எங்கள் பட்டறைக்குள் வந்தது. லேத்தெல்லாம் சேற்றில். கையில் டெலிவரி தேதி. அம்பத்தூரில் ஒருவர் என்னோடு போட்டி போட்டுக் கொட்டேஷன் கொடுக்கிறவர், ராத்திரி ஷிஃப்டில் தன் மெஷினை விட்டுக்கொடுத்தார். அவரை நான் எந்தக் கூட்டத்திலும் 'கனெக்ட்' பண்ணவில்லை. அதற்கு முன்னே அவருக்கு ஒருமுறை கடைவதற்கான இரும்பு ராட் தட்டுப்பாடு வந்தபோது என் ஸ்டாக்கிலிருந்து கொடுத்திருந்தேன், அவ்வளவுதான். இது உறவு. நீங்கள் சொல்வது வேறு.

ஓஎம்ஆர் கலா:
சார், நான் சொல்வதும் இதேதான்!

ஈக்காட்டுத்தாங்கல் லேத்:
இல்லை. நான் ராட் கொடுத்தபோது பின்னால் வெள்ளம் வரும் என்று கணக்குப் போடவில்லை. கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தால் அவருக்கு அன்றே தெரிந்திருக்கும்.

தரமணித் தவளை:
நல்ல கதை சார், நிஜமாகவே. ஆனால் நேற்று பட்டறை ஆரம்பித்தவனிடம் கொடுக்க ராட் ஏது? அவன் பட்டறையிலும் தண்ணீர் வந்திருக்கும். அவனுக்கு யார் மெஷின் கொடுத்தார்? பேச்சிலர் அந்த நிலையில்தான் இருக்கிறார். பதிலுக்குக் கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லாதவரிடம் 'முதலில் கொடு' என்பது சுலபம்.

நந்தனம் நித்யா:
ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. அந்த மீட்டப் பேச்சைப் பற்றிப் பொருத்தமான ஒரு கேள்வி கேட்டாலே பேசியவர் ஞாபகம் வைத்திருப்பார். சமோசா தின்ற பிறகு.

பெருங்குடி பேச்சிலர்:
எல்லாருக்கும் நன்றி. கடைசியில் மீட்டப்பில் பேசியவருக்கே எழுதலாம் என்று இருக்கிறேன். இப்படி:

'மதிப்பிற்குரிய ஐயா, தரமணியில் உங்கள் உரையைக் கேட்டேன். மாறிக்கொண்டே இருக்கும் திரைகளுக்கு ஆட்டோமேஷன் ஸ்கிரிப்ட் எழுதுவது பற்றி நீங்கள் சொன்ன வழியை என் ப்ராஜெக்டில் முயன்றேன். லாகின் பக்கத்துக்கு வேலை செய்தது, பேமென்ட் பக்கத்தில் உடைகிறது. உங்கள் நிறுவனத் தளத்தில் ஒரு டெஸ்டர் இடம் வந்திருக்கிறது, எண்ணைக் கீழே கொடுத்திருக்கிறேன். என் ரெஸ்யூமைப் பார்த்து, பொருத்தம் என்று தோன்றினால் மட்டும் ரெஃபர் செய்ய முடியுமா? முடியாவிட்டாலும் பரவாயில்லை, நானே நேரடியாக விண்ணப்பிக்கிறேன்.'

ஓஎம்ஆர் கலா:
'பொருத்தம் என்று தோன்றினால் மட்டும்' இருக்கிறதே, அதை எடுக்காதீர்கள். அவர் மறுக்க வழி விட்டிருக்கிறீர்கள். பேமென்ட் விஷயத்தை முதலில் தனியாகக் கேளுங்கள். அவர் பதில் சொன்னால் அதை முயன்று பார்த்து என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள், ரெஃபரல் அதற்கு அப்புறம். ஒரே கடிதத்தில் இரண்டும் வந்தால் முதலாவது தூண்டில் மாதிரி தெரியும். ரெஸ்யூம் பிடிஎஃப்பாக இருக்கட்டும்.

ஈக்காட்டுத்தாங்கல் லேத்:
'மதிப்பிற்குரிய ஐயா'வை எடுத்துவிடு தம்பி, தாசில்தாருக்கு மனு மாதிரி இருக்கிறது. 'வணக்கம் சார்' போதும்.

தரமணித் தவளை:
அனுப்புங்கள். ஆனால் விண்ணப்பத்தின் கடைசித் தேதி அவர் பதிலுக்காகக் காத்திருக்காது. இன்றைக்கே நேரடியாகவும் போட்டுவையுங்கள்.

ஓஎம்ஆர் கலா:
பொறுங்கள் தவளை, சில கம்பெனிகளில் நேரடியாகப் போட்டுவிட்டால் அதே இடத்துக்கு ரெஃபரல் ஏறாது. முதலில் அதை விசாரிக்கட்டும்.

தரமணித் தவளை:
பார்த்தீர்களா! வாசல் வழியாக வந்தவனுக்குத் தண்டனை. இதைத்தான் ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.