டேலி எடுப்பதா, சமூகப் பணிப் பாடம் எடுப்பதா?

காவிரிக்கரை22:
வணக்கம். பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த செமஸ்டருக்கு விருப்பப் பாடம் ஒன்று எடுக்க வேண்டும். ஒன்று டேலி, கணினியில் கணக்கு எழுதும் மென்பொருள். இன்னொன்று 'சமூகப் பணிவழிக் கற்றல்' என்று புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். 2 கிரெடிட், 30 மணி நேரம். அதில் பாதி பக்கத்துக் கிராமத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்களோடு. சனிக்கிழமைகளில் போக வேண்டுமாம். "அதைப் படிச்சா வேலை, இதைப் படிச்சா வெயில்" என்கிறார் அப்பா. இப்படி ஒரு பாடம் எடுத்தவர்கள் யாராவது சொல்லுங்கள், சான்றிதழைத் தவிர ஏதாவது கிடைத்ததா?

மொட்டைமாடி:
எங்கள் நலப்பணித் திட்ட முகாமில் மரம் நட்டோம். போன வருஷ செட் நட்ட அதே குழியில். பேனரைப் பிடித்து ஒரு போட்டோ, மத்தியானம் தக்காளி சாதம், சாயங்காலம் பஸ். டேலியே எடு தம்பி.

பேரேடு_அக்கா:
மொட்டைமாடி சொல்வதும் நடக்கிறதுதான். ஆனால் நான் 2018-ல் இதே மாதிரி ஒரு பாடம் எடுத்தேன், நானும் பி.காம்தான். நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்குக் கொடுத்தது 14 பேர் உள்ள ஒரு குழு. ஆளுக்கு மாதம் 200 ரூபாய் சேமிப்பு. உள்ளுக்குள்ளேயே இரண்டு வட்டிக்குக் கடன். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், அதாவது வருஷத்துக்கு 24 சதவீதம். "என்னக்கா, கந்துவட்டி மாதிரி இருக்கே" என்று முதல் நாளே வாயைவிட்டேன். சிரித்துவிட்டு, "அந்த வட்டி யாருக்குப் போவுது சொல்லு" என்றார் பொருளாளர் அக்கா. குழுவின் பணத்துக்கே திரும்பி வருகிறது. பங்குதாரரும் கடன்காரரும் ஒரே ஆளாக இருக்கும் கணக்கை எங்கள் பாடப்புத்தகத்தில் நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் ரொக்கப் புத்தகத்தைச் சரிபார்த்தோம். நோட்டில் கையிருப்பு 4,310. தகரப் பெட்டியில் எண்ணினால் 4,130. வித்தியாசம் 180, ஒன்பதால் வகுபடுகிறது! வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று சொல்லிக் கொடுத்திருப்பார்களே. "மூணும் ஒண்ணும் மாத்தி எழுதிட்டீங்க" என்று பெருமையாகத் திருத்தப் போனேன். பொருளாளர் அக்கா பேனாவைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அதற்கு மேல் எழுத வராது. "பேங்குக்கு மூணு பேரு ரெண்டு தடவ போய் வந்தோம். டிக்கெட்டு பன்னெண்டு ரூவா. மிச்சம் முப்பத்தாறு ஜெராக்ஸுக்கு." போட்டுப் பார்த்தேன்: 12 டிக்கெட், 144, அதோடு 36. சரியாக 180. (அப்போது டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் வரவில்லை.)

அப்புறம் வவுச்சர், அதாவது செலவுக்கான ரசீது எங்கே என்று நான் பிடிவாதம் பிடித்தேன். டிக்கெட்டை யார் வைத்திருப்பார்கள்? கடைசியில் அன்றைய கூட்டத்தில் செலவைப் படித்துக் காட்டி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, 14 பேரும் கையெழுத்தோ கைரேகையோ வைத்தார்கள். செலவை ஒப்புக்கொண்டதற்கு அதுதான் சாட்சி. அடுத்த வருஷம் தணிக்கை வகுப்பில் வவுச்சர் சரிபார்ப்பு நடத்தியபோது எனக்கு அந்தத் தகரப் பெட்டிதான் ஞாபகம் வந்தது.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள். வாரா வாரம் குறிப்பேடு எழுதச் சொல்லி, அதை வகுப்பில் வைத்துப் பேசும் ஆசிரியரா என்று சீனியர்களிடம் கேள். இல்லையென்றால் மொட்டைமாடியின் தக்காளி சாதம்தான்.

டேலியை இரண்டு மாதத்தில் வெளியில் படித்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் படித்தேன்.

ஓய்வுபெற்ற_திட்ட_அலுவலர்:
நாட்டு நலப்பணித் திட்டத்தையும் இதையும் குழப்பிக்கொள்கிறார்கள் என்று தோன்றுகிறது. நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், ஒரு ஏழு நாள் முகாம். நல்ல திட்டம், என் வாழ்நாளில் பாதி அதில் போனது. ஆனால் அங்கே வணிகவியல் மாணவனும் வேதியியல் மாணவனும் ஒரே மண்வெட்டியைத்தான் பிடிப்பார்கள். தம்பி கேட்கும் பாடத்தில் அவரவர் படிப்புதான் கருவி. வேளாண் மாணவர்கள் கடைசி ஆண்டில் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு வேலை செய்வதும், காந்திகிராமப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களை ஊருக்கு அனுப்பிப் படிக்க வைப்பதும் இந்த வகைதான்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் தருமபுரியில் தொடங்கின. பல குழுக்களின் வயது உங்கள் வயதைவிட அதிகம். 'கற்றுக்கொடுக்கப் போகிறேன்' என்று கிளம்பாதீர்கள். முறையான கூட்டம், சேமிப்பு, உள்கடன், தவணை தவறாமல் கடனைத் திருப்பிக் கட்டுவது, ஒழுங்கான கணக்கு என்று பஞ்ச சூத்திரத்தை அவர்களே சொல்வார்கள். அந்த ஐந்தாவதில் வேண்டுமானால் கொஞ்சம் கைகொடுக்கலாம்.

காவிரிக்கரை22:
நன்றி அக்கா, நன்றி சார். ஒன்பதால் வகுக்கும் கதையை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் மளிகைக்கடையில் கணக்கு எழுதுகிறவர். "பெட்டியில இருக்கறத எண்ணாம நோட்டத் திருத்தக் கூடாதுடா" என்று மட்டும் சொன்னார். சம்மதம் என்றே எடுத்துக்கொள்கிறேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போனால் சரியாக இருக்குமா?

பேரேடு_அக்கா:
பத்து மணிக்குப் போனால் பூட்டின வீட்டைத்தான் பார்ப்பாய். வயலுக்கோ நூறு நாள் வேலைக்கோ போயிருப்பார்கள். எங்கள் குழு கூடியது சாயங்காலம் ஆறரைக்கு மேல். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முதலில் கேட்டு வைத்துக்கொள்.