பிளாக்ஸ்மேன் கல்லறை எழுத்தை மறுபடி வெட்டலாமா?

ஈஸ்ட்ஹாம் மலர்:
போன ஞாயிறு லண்டனில் பழைய செயின்ட் பாங்க்ராஸ் தேவாலயத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். தண்டவாளத்தை ஒட்டிய பழைய இடுகாடு அது. சிற்பி ஜான் பிளாக்ஸ்மேனின் குடும்பக் கல்லறை அங்கேதான் இருக்கிறது. மனைவி ஆன் 1820இல் போனார், 1826 டிசம்பர் 7இல் இவர், பிறகு தங்கை மேரி ஆன். சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கல்லறை. மழை விட்ட நேரம். சில எழுத்துகள் கண்ணுக்குப் பிடிபடாமல் விரலால் தடவித்தான் கூட்டிப் படித்தேன். அதே தோட்டத்தில் கட்டடக் கலைஞர் சோனின் கல்லறையைச் சுற்றிக் கூட்டம், சிவப்பு டெலிபோன் கூண்டுக்கு அதன் கூரைதான் மாதிரி என்று. இங்கே நான் ஒருத்திதான்.

நான் தஞ்சாவூர்க்காரி. சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய சுவார்ட்ஸ் தேவாலயத்தில் சரபோஜி மன்னர் செய்வித்த பளிங்குச் சிற்பம் பிளாக்ஸ்மேனின் கைவண்ணம். சாகக் கிடக்கும் குரு, பாதிரியார் சுவார்ட்ஸின் கையை மன்னர் பிடித்திருப்பார். சின்ன வயதில் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அதைச் செய்தவரின் பெயர் அழிவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. முறைப்படி அனுமதி வாங்கி, அதே தடத்தில் எழுத்தை மறுபடி வெட்ட வேண்டும்.

கல்படி:
வேண்டவே வேண்டாம் மலர். இருபது வருடமாகக் கல்வெட்டின் மேல் ஈரத்தாளை ஒட்டி மை தட்டி மைப்படி எடுக்கிறேன். தேய்ந்த எழுத்தைக்கூடப் பொறுமையாக உட்கார்ந்தால் படித்துவிடலாம். மேலே ஒருவர் உளி வைத்துவிட்டால் நான் படிப்பது அவர் புரிந்துகொண்டதைத்தான், மூலத்தை அல்ல. நம் கோயில்களில் சுத்தம் செய்கிறோம் என்று மணல்வீச்சு அடித்து எத்தனை கல்வெட்டு போயிற்று! அதைச் செய்தவர்களும் நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள்.

பாளை அந்தோணி:
மணல்வீச்சையும் இதையும் ஒன்றாகப் பேசுவது சரியில்லை சார். எங்கள் ஊரில் நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன்னால் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, அப்பா பெயருக்கு மேல் கறுப்பு பெயின்டைத் தொட்டுத் தொட்டு எழுதுவோம். போன வருடம் என் மகள் எழுதினாள். கோணல்மாணலாக இருந்தது. அதனால் அப்பாவின் கல்லறை பொய்யாகிவிட்டதா? கல்லறை, செத்தவருக்காக உயிரோடு இருப்பவர்கள் வைத்திருக்கும் இடம். ஆவணமாக மட்டும் அதைப் பார்க்காதீர்கள்.

கல்படி:
உங்கள் மகள் எழுதியது பெயின்ட். அடுத்த மழைக்குப் போகும், அடுத்த வருடம் வரும். உளி வெட்டியது திரும்பாது. அதோடு, பிளாக்ஸ்மேனுக்குப் பிள்ளைகள் கிடையாது. உங்கள் அப்பாவுக்கு நீங்கள் இருக்கிறீர்கள். அங்கே மாற்றத் துணிகிறவர் எவரும் அந்நியர்தான். அந்நியருக்குக் கொஞ்சம் தயக்கம் இருக்க வேண்டும்.

உளி செல்வம் (மாமல்லபுரம்):
கல் வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். லண்டனில் கல்லறைகளுக்குப் பெரும்பாலும் போர்ட்லண்ட் சுண்ணாம்புக் கல்தான். நம் கருங்கல் மாதிரி இல்லை. கரிப்புகையின் கந்தகம் மழையோடு சேர்ந்து மேல்தோலை ஜிப்சமாக்கிவிடும், அது கரையும். எழுத்தின் விளிம்பு மழுங்கிய பிறகு கூராக்க வேண்டுமென்றால் பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் முழுத் தளத்தையும் சீவ வேண்டும். எப்படிச் செய்தாலும் மெல்லிய கோடு தடித்துவிடும். "அதே தடத்தில்" என்பது பேச்சுக்குத்தான் மேடம்.

ஆனால் கல்படி அய்யா சொல்வதிலும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. பிளாக்ஸ்மேனே மண்ணிலும் சாந்திலும் மாதிரி செய்துவிட்டு, பளிங்கு வெட்டுவதைப் பெரும்பாலும் உதவியாளர்களிடம் விட்டவர். இன்னொருவர் உளி படுவதை அவர் தீட்டாக நினைத்திருக்க மாட்டார்.

கல்படி:
நல்ல வாதம் செல்வம். அந்தச் சாந்து மாதிரிகள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் இன்றும் இருக்கின்றன. பளிங்கில் கை தவறியிருந்தால் மாதிரியைப் பார்த்துச் சொல்லிவிடலாம். கல்லறைக்கு அப்படி என்ன இருக்கிறது? அந்தக் கல்லே மூலம்.

திருக்கோடிகாவலில் சோழ அரசி செம்பியன் மாதேவியார் கோயிலைக் கற்றளியாக, அதாவது கல் கோயிலாக எடுத்தபோது, பழைய கல்வெட்டுகளைப் புதுச் சுவரில் படியெடுத்து, "இதுவும் ஒரு பழங்கற்படி" என்று வெட்ட வைத்தார். ஆயிரம் வருடம் முந்தைய நேர்மை. படி என்றால் படி என்று கல்லிலேயே சொல்லிவிட்டார்கள். பிளாக்ஸ்மேனுக்கும் பக்கத்தில் தனிக் கல் ஒன்று வையுங்கள், படியெடுத்த வருடத்தோடு. பழைய கல்லைத் தொடாதீர்கள்.

பாளை அந்தோணி:
அப்போது எல்லாரும் புதுக்கல்லைப் படித்துவிட்டுப் போய்விடுவார்கள். பழையது அநாதையாகக் கிடக்கும். மேரி ஆனும் படம் வரைந்தவர். மனைவி ஆன் இருக்கிறாரே, அவரைப் பிளாக்ஸ்மேன் கல்யாணம் செய்ததும் "இனி நீ கலைஞனாகத் தேற மாட்டாய்" என்று ஓவியர் ரெனால்ட்ஸ் சொன்னாராம். அந்த ஆனோடுதான் 1787இல் ரோமுக்குப் போய் ஏழு வருடம் படித்துவிட்டு வந்தார் மனிதர். மூன்று பேர் படுத்திருக்கும் இடத்தில் பெயர் இருக்க வேண்டும், பக்கத்துக் கல்லில் அல்ல.

ஈஸ்ட்ஹாம் மலர்:
அந்தோணி அண்ணன் பக்கம்தான் என் மனசு. ஆனால் மெல்லிய கோடு தடித்துவிடும் என்று செல்வம் சொன்னதிலிருந்து வெட்டச் சொல்ல வாய் வரவில்லை. 1860களில் ரயில் பாதைக்காக இந்த இடுகாட்டில் எத்தனையோ குழிகளைத் தோண்டி எடுத்தார்கள். அதில் தப்பி நிற்கும் கல் இது. கல்படி சார், மைப்படி எடுக்கலாமா?

கல்படி:
அனுமதி இல்லாமல் ஈரத்தாளும் வேண்டாம், மையும் வேண்டாம். இருட்டுகிற நேரத்தில் டார்ச்சைக் கல்லை ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழும். நாலு பக்கத்திலிருந்தும் வெளிச்சம் கொடுத்துத் தனித்தனியாகப் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து.

ஈஸ்ட்ஹாம் மலர்:
இருட்டினால் தோட்டத்தைப் பூட்டிவிடுவார்கள். டிசம்பர் 7 அவர் நினைவு நாள். அந்த மாதம் நாலு மணிக்கே வெளிச்சம் போய்விடும். மூன்றரைக்கே போய்க் காத்திருக்கிறேன். படங்களை இங்கேயே போடுகிறேன்.