கேஸ் லிஃப்ட்: உந்தலா, ஏற்றமா, இறவையா?

அன்பர்களுக்கு வணக்கம். பெட்ரோலியத் தொழில்நுட்பப் பட்டயப் படிப்புக்கான கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ‘கேஸ் லிஃப்ட்’ மட்டும் இழுத்தடிக்கிறது. கிணறு தானாகப் பொங்குவது குறைந்ததும், வெளிக்குழாய்க்கும் உள்குழாய்க்கும் நடுவிலுள்ள இடைவெளியில் இயற்கை வாயுவை மிகுந்த அழுத்தத்தோடு இறக்குவார்கள். அது வால்வு வழியே உள்குழாயில் புகுந்து எண்ணெயோடு கலக்கும். எண்ணெய் மேலே வரும். மும்பைக் கடலிலுள்ள மும்பை ஹை (பழைய பெயர் பம்பாய் ஹை) எண்ணெய் வயலில் பரவலான முறை இது. ‘வாயு உந்தல்’ என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?
– சென்னை

‘உந்தல்’ வேண்டாம் தம்பி. கிணற்றடியில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். தொடர்ந்து வாயு செலுத்தும்போது அது எண்ணெயைத் தள்ளுவதில்லை. குழாயில் நிற்கும் எண்ணெயின் எடையைக் குறைக்கிறது, அவ்வளவுதான். அடியில் அழுத்தம் தணிந்ததும் பாறையின் சொந்த அழுத்தமே எண்ணெயை மேலே அனுப்பிவிடும். விட்டுவிட்டுச் செலுத்தும் முறை வேறு. அதில்தான் வாயு எண்ணெயைத் திரளாக உந்தும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், வால்வை எந்த ஆழத்தில் வைப்பது என்ற கணக்கு வரும்போது மாணவன் தடுமாறுவான்.
– நாகப்பட்டினம்

‘வளியேற்றம்’ என்க. ‘ஆம்பியும் கிழாரும் வீங்கிசை ஏத்தமும்’ (ஏத்தம் என்பது ஏற்றமே) என்று சிலம்பின் நாடுகாண் காதை நீரிறைக்கும் கருவிகளை அடுக்குகிறது. காவிரி நிறைந்து ஓடுவதால் அங்கே அவை ஒலிக்கவில்லை என்பது அவ்விடத்தின் அழகு. புறநானூற்று 66ஆம் பாட்டு கரிகாலனை ‘வளிதொழில் ஆண்ட உரவோன் மருக’ என விளிக்கிறது. கடற்காற்றை ஏவல்கொண்டு கலம் செலுத்தினான் அவன் முன்னோன். வளியைத் தொழில்கொள்ளும் முறைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது? ‘வாயு’ வடசொல், அதற்கு இங்கே தேவையே இல்லை.
– தஞ்சாவூர்

ஐயா, இரண்டு தடை இருக்கு. எங்கட பாடப்புத்தகங்களில வளி எண்டால் சுவாசிக்கிற காற்று, வாயு எண்டால்தான் கேஸ். முந்தி எண்ணெய்க் கிணத்துக்குள்ள காற்றைத்தான் அடிச்சவை. அது எண்ணெய் வாயுவோட கலந்தால் வெடிக்கும், ஒட்சிசனால குழாய் அரிக்கும் எண்டுதானே பிறகு இயற்கை வாயுவுக்கு மாறினவை? பாடம் விலக்கச் சொல்லுறதைப் பெயர் செய்யச் சொல்லலாமோ? மற்றது, மின்னேற்றம் படிச்ச பிள்ளை வளியேற்றத்தை ‘வளியை ஏற்றுதல்’ எண்டுதான் விரிக்கும். ‘வளியால் ஏற்றுதல்’ எண்டு விரிக்காது. எங்கட பக்கம் ஏற்றத்துக்குத் துலா எண்டு பேர். அந்தக் கருவியும் அவைக்கு நினைவில வராது.
– யாழ்ப்பாணம்

எங்க கொங்குப் பக்கம் இதே வித்தை ஆழ்துளைக் கிணத்துல நடக்குதுங்க. மேல கம்ப்ரசர், உள்ளே காத்துக்குழாய். குமிழோட தண்ணி வரும். உள்ளே சுத்துற உறுப்பு எதுவும் இல்லாததால மணல் வந்தாலும் தேயாது. கடல் கிணத்துல இந்த முறையை விரும்பறதுக்கும் அது ஒரு காரணம்தானுங்களே? குடியானவங்க ‘இறைக்கிறது’ன்னுதான் சொல்றாங்க. ‘இறவைப் பாசனம்’ ஏற்கெனவே அரசு ஏட்டுல இருக்குது. ‘வாயு இறவை’ன்னு வைங்க.
– கோபிசெட்டிபாளையம்

இறவை நற்றமிழ். இறை என்பது கூரையின் தாழ்ந்த விளிம்பையும் குறிக்கும். இறவாரம் என்பதும் அதுவே. இறங்கு, இறக்கம் ஆகியவற்றையும் சேர்த்து நோக்கினால், தாழவிட்டு மேலே கொணர்வதே இறைத்தலின் முதற்பொருள் என்று கருதுகிறேன். சால் இறங்கி நீர் ஏறுவது போல, வாயு இறங்கி எண்ணெய் ஏறுகிறது. ஆகவே ‘வளியிறவை’ என்றால் உடன்படுவேன்.
– தஞ்சாவூர்

நன்றி. ‘வாயு இறவை’ என்றே போடுகிறேன், இருவர் ஒப்பியிருக்கிறீர்கள். முதலில் வரும் இடத்தில் மட்டும் கேஸ் லிஃப்ட் என்று பக்கத்தில் குறிப்பேன். ‘தொடர் இறவை’, ‘விட்டுவிட்டு இறவை’ என்று வகைகளைப் பிரிக்கலாமா?
– சென்னை

தொடர் இறவை சரி. இரண்டாவதை ‘இடைவிட்ட இறவை’ என்று போடு. வால்வு வால்வாகவே இருக்கட்டும், ‘அடைப்பிதழ்’ என்று மாற்றிவிடாதே.
– நாகப்பட்டினம்

‘வாயு’வை ஏற்றவர் வரிசையில் என்னைச் சேர்க்க வேண்டாம். வால்வைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.
– தஞ்சாவூர்